கண்ணாடிக்கு அப்பால்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

கண்ணாடி என்னும் சொல் ஒன்று. அது குறிக்கும் பொருள்களோ மூன்று. முகம் பார்ப்பதும் கண்ணாடி. மூக்கின்மேல் அணிவதும் கண்ணாடி. படத்தின்மேல் பதிப்பதும் கண்ணாடி. முதலாவது நம்மை நமக்குக் காட்டுகிறது. இரண்டாவது உலகத்தை நமக்குக் காட்டுகிறது. மூன்றாவதற்குத்தான் கடினமான பணி. அது தன்னை மறைத்துக்கொண்டு, தனக்குப் பின்னால் இருப்பவரைக் காட்ட வேண்டும்.

நம் குமரி மாவட்டத்தார்க்குக் கண்ணாடியின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாமித்தோப்பில் பள்ளியறைக் கண்ணாடியின் முன்னே நின்று தன்னையே காணும் வழிபாட்டை நாம் அறிவோம். பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலைக்குச் சென்றவர்கள், சாளரங்களில் பதித்த வண்ண அபிரகத் தகடுகள் வெயிலை வடிகட்டி உள்ளே அனுப்புவதைக் கண்டு வியந்திருப்பார்கள். 2024 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள், விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டபோது, காலடியில் கடலைக் காண ஊரே திரண்டது. ஆனால், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தின்மேல் உள்ள இரண்டு மில்லிமீட்டர்க் கண்ணாடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் இங்குச் சில சொற்கள் எழுத விழைகிறேன்.

நம் வீடுகளின் முன்னறைச் சுவரே அந்தக் குடும்பத்தின் வரலாற்று நூல் எனலாம். 1894 இல் ராஜா ரவி வர்மா மும்பையில் அச்சகம் தொடங்கிய பிறகு, கடவுளர் படங்கள் எளியவர் வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தன. அவற்றின் அருகிலே, காலப்போக்கில், திருமணப் படங்கள் வந்தன. பிறகு மறைந்தவர்களின் படங்கள் வந்தன. சந்தனமும் குங்குமமும் மாலையும் இவ்விரு வகைப் படங்களுக்கும் பொதுவாயின. எனவே, நம் நாட்டில் ஒரு படத்துக்குக் கண்ணாடி போடுவது வெறும் அலங்காரச் செயலன்று. ஒருவரை வீட்டிலே தொடர்ந்து இருக்கச் செய்யும் முயற்சி அது.

கடந்த ஐப்பசியில் என் ஆச்சி காலமானார். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குள் அவருடைய படம் சுவருக்கு வர வேண்டும் என்று அம்மா சொன்னார். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆச்சிக்குப் படம் எடுத்துக்கொள்வதில் விருப்பம் இருந்ததில்லை. தேடியதில் ஒன்றே ஒன்று தேறியது. கன்னிப்பூ அறுவடை முடிந்து, முற்றத்தில் நெல்லைக் காயப்போட்டு, காலால் கிளறிக்கொண்டிருந்தவர், யாரோ அழைக்கத் திரும்பிப் பார்த்த பொழுதில் என் சித்தி மகன் கைப்பேசியில் எடுத்த படம். வெள்ளைப் புடைவை, வெயில், பாதிச் சிரிப்பு.

அவருக்குப் பக்கத்திலே மாட்ட வேண்டிய பாட்டாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் பார்த்தோம். பாட்டா நான் பிறப்பதற்கு முன்பே மறைந்தவர். ஏதோ ஓர் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அவர் முகம் இவ்வுலகில் எஞ்சியிருப்பது அதில் மட்டுமே. எப்போதோ, எவரோ அதற்குக் கண்ணாடி போட்டபோது, படத்தைக் கண்ணாடியோடு நேராக அழுத்தி, பின்னால் செய்தித்தாளும் அட்டையும் வைத்து ஆணி அடித்திருந்தார். இத்தனை மழைக்காலங்களின் ஈரத்தில், படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நெற்றியிலும் ஒரு கன்னத்திலும் எண்ணெய் பட்டதுபோல் திட்டுத் திட்டான ஒட்டல். பின்பக்கச் செய்தித்தாள் பழுத்து, தன் மஞ்சளைப் படத்தின் முதுகுக்கும் கொடுத்திருந்தது.

நாகர்கோவில் மணிமேடைப் பக்கம், படத்துக்குக் கண்ணாடி போடும் ஒரு சிறு கடை இருக்கிறது. அதன் உரிமையாளரான அண்ணாச்சி பல ஆண்டுகளாக அத்தொழிலில் இருப்பவர். பாட்டாவின் படத்தை வாங்கி, சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"மக்களே, இத உரிக்கப்படாது. உரிச்சா முகம் கண்ணாடியோட போயிரும். கண்ணாடியோடயே வச்சு நகல் எடு. எடுத்துட்டு இத இப்படியே துணியில பொதிஞ்சு பத்திரமா வை" என்றார்.

பழைய படங்களின் மேற்பூச்சு ஜெலட்டின் என்னும் பசைப்பொருள். ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதைப் பற்றிக்கொள்ளும். ஒட்டிய படத்தைப் பிரித்தெடுப்பது அதற்கென்று பயின்றவர்களின் வேலை. ஆகவே நகல் எடுக்க முடிவு செய்தோம்.

இங்கே என் பாடநூல் எனக்குக் கைகொடுத்தது. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் ஒளி நேராக நுழையும்போது ஏறத்தாழ 4 விழுக்காடு திரும்பிவிடும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 என்று கொண்டால் கணக்கு அப்படித்தான் வருகிறது. கண்ணாடிக்கு முகம் இரண்டு. எனவே மொத்தம் ஏறத்தாழ 8 விழுக்காடு. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால், கண்ணாடிக்கு எதிரே சாளரம் இருந்தால், அந்தச் சாளர ஒளியின் 8 விழுக்காடு, படத்தின் கரிய பகுதிகளிலிருந்து வரும் ஒளியைவிட மிகுதியாகிவிடும். பாட்டாவின் தலைமுடி இருக்க வேண்டிய இடத்தில் தெருவின் தென்னை தெரிவது அதனால்தான். நண்பன் ஒருவனின் கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் பின்னே கறுப்புத் துணியைத் தொங்கவிட்டோம். இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்தோம். எதிரே இருள் இருந்தால், கண்ணாடிக்குத் திருப்பிக் காட்ட ஒன்றும் இல்லை. பாட்டா தெளிவாக வந்தார். ஒட்டல் திட்டுகளைக் கணினியில் ஓரளவு மென்மையாக்க முடிந்தது. இல்லாததை எதையும் சேர்க்கவில்லை.

ஆச்சியின் படத்துக்கு வேறொரு கவனம் தேவைப்பட்டது. எட்டு அங்குலத்துக்குப் பத்து அங்குலம் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 2400 க்கு 3000 புள்ளிகள் வேண்டும். குடும்பத்தார் அனைவரிடமும் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த நகல். அது அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடும். சித்தி மகனின் கைப்பேசியில் கிடந்த மூலத்தை, கோப்பாகவே அனுப்பச் சொல்லிப் பெற்றோம்.

இனி மையும் தாளும். இங்க்ஜெட் அச்சில் பயன்படும் மைகள் இரு வகை. ஒன்று சாய மை. துணிக்குச் சாயம் நீரில் கரைவதுபோல் முற்றிலும் கரைந்த நிறம் அது. மற்றது நிறமி மை; நிறம் மிக நுண்ணிய துகள்களாக நீரில் மிதக்கும். சாய மையின் படம் அன்று பளிச்சென்றிருக்கும். ஆனால், ஒளியும் காற்றும் ஈரமும் அதை எளிதில் தாக்கும். நிறமித் துகள் பல மூலக்கூறுகள் திரண்டது. மேலே உள்ளவை சிதைந்தாலும் உள்ளே உள்ளவை நிறம் காக்கும். எனவே அது நெடுநாள் நிற்கும்.

காற்று எப்படித் தாக்கும் என்று கேட்கலாம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2000 ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனத்தின் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 ஆகிய அச்சுப்பொறிகள் வெளிவந்தன. அவற்றில் ஒரு வகைப் பளபளப்புத் தாளில் எடுத்த படங்கள், சில வீடுகளில் விரைவிலேயே செம்மஞ்சளாக மாறின. அதே படங்கள் வேறு வீடுகளில் மாறவில்லை. ஆராய்ந்தபோது, காற்றில் உள்ள ஓசோன் முதலிய வாயுக்கள் தாளின் நுண்துளைப் பூச்சுக்குள் புகுந்து, நீல மையை மட்டும் சிதைத்தது தெரிந்தது. கண்ணாடி போட்டு மூடிய படங்கள் தப்பின. படத்துக்குக் கண்ணாடி அழகு மட்டுமன்று, கவசமும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

படங்களின் ஆயுளை ஆராய்ந்தவர்களுள் ஹென்றி வில்ஹெல்ம் குறிப்பிடத் தக்கவர். 1993 இல் இப்பொருள் பற்றிப் பெருநூல் எழுதியவர். அவருடைய ஆய்வகம் ஒரு படம் இத்தனை ஆண்டு நிற்கும் என்று கணிக்கும்போது, நாள்தோறும் 12 மணி நேரம் 450 லக்ஸ் ஒளி, 24 டிகிரி வெப்பம், 60 விழுக்காடு ஈரப்பதம் என்று கொள்கிறது. மைப் பெட்டியின்மேல் அச்சிட்ட ஆண்டுக் கணக்கை நம்பும்முன் நாம் இதை நினைவிற் கொள்ள வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் ஆக இரு பருவமழையையும் ஏற்று, கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளைவிக்கும் நாஞ்சில் நாட்டின் காற்றில் ஈரம் 60 விழுக்காட்டோடு நின்றுவிடுவதில்லை. கடலோரத்தில் உப்பும் சேர்கிறது. நெல்லுக்கு நல்லது படத்துக்கு நல்லதன்று.

தாள் எதுவென்று வீட்டில் ஒரு சிறு விவாதமே நடந்தது. அம்மாவுக்குப் பளபளப்புத் தாளில் விருப்பம். பளபளப்புத் தாள் என்பது இரு புறமும் பிளாஸ்டிக் பூசிய தாள். நிறம் ஆழமாக இருக்கும். கறுப்பு நல்ல கறுப்பாக வரும். ஆனால், கண்ணாடிக்குப் பின்னே சென்ற பிறகு தாளின் பளபளப்பு கண்ணாடியின் பளபளப்பில் மறைந்துவிடுகிறது. அன்றியும், கண்ணாடியின் இரு முகங்களோடு தாளின் முகமும் ஒளியைத் திருப்பும். மங்கல் பரப்புள்ள பருத்தித் தாளில் கறுப்பு சற்றே இளைத்துத் தெரியும். ஆனால், தோலும் துணியும் இயல்பாக இருக்கும். அதன் குறை, விரல் பட்டால் உராயும் என்பது. கண்ணாடி போட்டால் அக்குறையும் நீங்கும்.

இன்னொன்றும் கண்டோம். மிக வெண்மையாகத் தோன்றும் தாள்களில் வெண்மையூட்டி சேர்த்திருப்பார்கள். சலவைத் தூளில் சேர்ப்பதும் இவ்வகைப் பொருளே. அது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி, நீல ஒளியாக வெளியிடும். கலைநிகழ்ச்சி மேடையில் ஊதா விளக்கின் கீழே வெள்ளைச் சட்டை ஒளிர்வது இதனாலேயே. காலம் செல்லச் செல்ல அவ்வெண்மை மங்கித் தாள் மஞ்சளாகும். புறஊதாவைத் தடுக்கும் விலையுயர்ந்த கண்ணாடியைப் போட்டாலோ, அன்றே அவ்வெண்மை குறைந்துவிடும். ஏனெனில் அதற்கு வேண்டிய கதிர் உள்ளே வருவதில்லை. ஆகவே தாளையும் கண்ணாடியையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க முடியாது.

இரண்டு தாள்களிலும் ஆச்சியின் முகத்தை மட்டும் சிறு துண்டாக அச்சிட்டு, அண்ணாச்சியின் கடையிலிருந்த கண்ணாடித் துண்டை மேலே பிடித்து அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு பருத்தித் தாளைத் தொட்டு, "இதுல உள்ளதாக்கும் அம்மைக்க புடைவை" என்றார். வெண்மையூட்டி சேர்க்காத, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள தாள் அது. விவாதம் அதோடு முடிந்தது.

அடுத்தது கண்ணாடி. கடையில் நான்கு வகை உண்டு. முதலாவது சாதாரணக் கண்ணாடி. இரண்டாவது நான்-கிளேர் என்னும் கூச்சமில்லாக் கண்ணாடி. அதன் பரப்பு நுண்ணிய சொரசொரப்பு உடையது. ஒளியைச் சிதறடிக்குமேயன்றி நீக்காது. படத்தை ஒட்டி இருந்தால் தெளிவு. படத்துக்கும் அதற்கும் இடைவெளி விட்டாலோ பனிமூட்டம். இடைவெளி கட்டாயம் என்பதைப் பாட்டாவின் படத்தில் கண்ட எங்களுக்கு அது உதவாது. மூன்றாவது அக்ரிலிக். எடை குறைவு, உடையாது, ஆனால் எளிதில் கீறும், துடைக்கத் துடைக்க மின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுக்கும். நான்காவது அருங்காட்சியகக் கண்ணாடி. பல மெல்லிய பூச்சுகளின் குறுக்கீட்டு விளைவால் எதிரொளிப்பை 1 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவரும். புறஊதாக் கதிரில் 99 விழுக்காடு வரை தடுக்கும். வகுப்பில் மெல்லேட்டுக் குறுக்கீடு என்று படித்தது இதுதானா என்று மகிழ்ந்தேன். விலையைக் கேட்டபோது மகிழ்ச்சி குறைந்தது. அச்சு, அட்டை, சட்டம் மூன்றும் சேர்ந்த தொகையைவிட அந்தக் கண்ணாடி ஒன்றின் விலை கூடுதல்.

அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார்: "படத்துக்குச் சந்தனம் வைப்பியளா?"

வைப்போம் என்றேன். வெள்ளிதோறும் துடைத்துப் புதிதாகவும் வைப்போம்.

"அப்பம் அந்தக் கண்ணாடி வேண்டாம். அதுல உள்ள பூச்சு சந்தனத்தையும் எண்ணெய்க் கையையும் தாங்காது. துடைக்க துடைக்கப் பாடு விழும். அது ஆளு தொடாம தூர நின்னு பாக்கப்பட்ட எடத்துக்கு உள்ளதாக்கும். ஒங்க ஆச்சிய நீங்க தொடத்தானே செய்வியோ?"

எந்த நூலிலும் நான் காணாத அறிவுரை இது. விற்றால் அவருக்கு வரவு. ஆயினும் வேண்டாம் என்றார். சாதாரணக் கண்ணாடியே போதும் என்று முடிவாயிற்று. புறஊதாவில் ஒரு பகுதியை அதுவும் தடுக்கும், முழுவதையும் தடுக்காது. எஞ்சிய காவலுக்கு நிழல் போதும். நிறத்தை வெளுக்கச் செய்வது புறஊதா மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியும் ஒளியும்தான். அருங்காட்சியகங்களில் எளிதில் வெளுக்கும் பொருள்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் ஒளி காட்டுவதில்லை என்பது வழக்கம். வெயில் விழும் சுவரில் மாட்டிவிட்டு, விலையுயர்ந்த கண்ணாடியை நம்புவது, கூரையை ஒழுக விட்டுக் குடை பிடிப்பதை ஒக்கும்.

இந்த நேரத்தில்தான் படம் அச்சிட்டவர் ஒரு யோசனை சொன்னார். பாட்டாவையும் ஆச்சியையும் கணினியில் இணைத்து, ஜோடியாக நிற்பதுபோல் ஒரே படமாக்கித் தரலாம். பாட்டாவுக்கு வண்ணமும் ஏற்றலாம். பலரும் அப்படிச் செய்துகொள்கிறார்கள். அதில் ஓர் ஆறுதலும் உண்டு. எனக்கும் ஆசை எழுந்தது. அம்மா மறுத்துவிட்டார்.

"அவிய ரெண்டு பேரும் சேந்து நின்னு படமே எடுத்ததில்ல. எடுத்தது மாதிரி காட்டினா அது வேற ஆரோ ரெண்டு பேரு."

மாலைக்கும் விளக்குக்கும் குறை வைக்காத அம்மா, இந்த ஒன்றில் உறுதியாக நின்றார். என்ன செய்வது? வழி சொன்னதும் அண்ணாச்சியே. ஒரே சட்டம்; அதனுள் ஒரே மவுண்ட் அட்டை; அட்டையில் இரண்டு சாளரம். ஒன்றில் கறுப்பு வெள்ளையில் இளம் பாட்டா. மற்றொன்றில் வண்ணத்தில் முதிய ஆச்சி. இருவருக்கும் இடையே இரண்டு அங்குல வெற்று அட்டை. அந்த இரண்டு அங்குலத்தில், ஆச்சி தனியே வாழ்ந்த ஆண்டுகள் அத்தனையும் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றியது.

அவ்வட்டை அழகுக்காக மட்டும் வைப்பதன்று. அதன் பருமன்தான் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்றுக்கு வழி விடுகிறது. பாட்டாவின் பழைய படத்துக்கு அந்த ஒன்றரை மில்லிமீட்டர் கிடைத்திருந்தால் அது இன்றும் முழுமையாக இருந்திருக்கும். அட்டை அமிலம் நீங்கியதாக இருக்க வேண்டும். பின்னால் வைக்கும் அட்டையும் அவ்வாறே. செய்தித்தாள் கூடாது. மைதாப் பசையால் படம் முழுவதையும் அட்டையில் ஒட்டுதல் ஆகாது. அது பூச்சிகளுக்கு விருந்து. மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய தாள் கீல்கள் இரண்டு போட்டுத் தொங்கவிட்டால், ஈரத்தில் தாள் விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும்.

அச்சிட்ட படத்தை உடனே மூடவும் கூடாது. மையில் உள்ள ஈரமும் கரைப்பான்களும் வெளியேற வேண்டும். இன்றேல் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய மூட்டம் படியும். பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் இது மிகுதி. மழை நாள் ஆகையால் எங்கள் படங்களை இரண்டு நாள் மின்விசிறிக்கு எட்டத்தில் காயவிட்டு, மேலே வெற்றுத் தாள் வைத்து எடுத்தோம். பதினான்காம் நாள் சட்டம் வீட்டுக்கு வந்தது.

எங்கே மாட்டுவது? பழைய இடம் மழைச்சாரல் அறையும் மேற்குச் சுவர், எதிரே சாளரம். அதை விட்டு, இரு அறைகளுக்கு நடுவேயுள்ள உட்சுவரைத் தேர்ந்தோம். எதிரே இருப்பது நெல் மூட்டை அடுக்கும் இருண்ட மூலை. சட்டத்தின் கீழ் முனைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினோம். சுவரின் ஈரம் ஏறாமல் பின்னே காற்று ஓடும். கறுப்புத் துணி கேமராவுக்குச் செய்ததை அந்த இருண்ட மூலை கண்ணாடிக்குச் செய்கிறது. விலைமதிப்புள்ள பூச்சு எதுவும் இன்றியே, கண்ணாடி இருப்பது தெரியவில்லை. அடியந்திரத்துக்கு வந்த ஆச்சியின் தங்கை, படத்தின் அருகே சென்று, கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ எப்பவும் இப்பிடித்தான், பாதிதான் சிரிப்பா" என்றார். அந்தச் சொல்லே எங்கள் உழைப்புக்குக் கிடைத்த நற்சான்று.

நண்பர்களே! உங்கள் வீட்டுச் சுவரிலும் இவ்வாறு ஒரே பிரதியாக நிற்கும் முகங்கள் இருக்கும். அடுத்த மழைக்கு முன் அவற்றை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், நகல் எடுங்கள். ஒட்டாதிருந்தால், இடையே ஓர் அட்டைச் சாளரம் போடுங்கள். இருவர் மூவர் வீட்டில் நகலை வைத்திருங்கள். பின் அட்டையில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள்; பிளாஸ்டிக் பூச்சுத் தாளின் முதுகில் பென்சில் பிடிக்காது, ஆகவே அட்டையிலேயே எழுதுங்கள்.

இன்னும் சில வாரங்களில் நம் வகுப்புக் குழுப்படமும் எடுக்கப்படும். அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுசெல்லும் நாளில், வெயில் விழாத சுவர் ஒன்றை முதலில் தேடுங்கள். பிறகு தாளைக் கேளுங்கள், மையைக் கேளுங்கள், கடைசியாகக் கண்ணாடியைக் கேளுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், நம் பேரப்பிள்ளைகள் அதன் முன்னே நின்று, இதில் யார் நீங்கள் என்று கேட்கும்போது, விரல் வைத்துக் காட்ட ஒரு முகம் இருக்க வேண்டும் அன்றோ?